வந்த அன்றே கதிர்

தருமபுரியிலிருந்து சேலம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். தொப்பூர்க் கணவாயைக் கடந்து செல்லும் அந்த நெடுஞ்சாலை நலமுடையவர்க்கு ஒரு பொருட்டன்று. முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ புற்றுநோய் பரவிய ஒருவர்க்கு அதே சாலை முடிவின்றி நீள்கிறது. வண்டியின் ஒவ்வோர் அதிர்வும் நேரே எலும்பில் இறங்கும். வேகத்தடை வருமுன்பே உடல் இறுகிக்கொள்ளும். பென்னாகரத்திலிருந்து புறப்படுபவர் முதலில் தருமபுரி வந்து சேர வேண்டும். சித்தேரி மலையிலிருந்து வருபவர் அரூருக்கு இறங்கி, மஞ்சவாடிக் கணவாய் வழியே சேலம் செல்ல வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெங்களூரு கித்வாய் நிறுவனம், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் எனக் கதிர்மருத்துவம் நாடி இம்மாவட்டத்தார் செல்லும் இடங்கள் பல.

நோய் முற்றிய நிலையில் ஒருவர் அங்குச் செல்வது நோயை வேரறுக்கும் நம்பிக்கையால் அன்று. வலி தணிந்து இரவில் உறங்க வேண்டும் என்பதற்காக. ஊர்மக்கள் 'கரண்ட் வைத்தல்' என்று சொல்லும் அந்தக் கதிர்வீச்சு சில மணித்துளிகளில் முடிந்துவிடும். அதற்கு முன்னும் இடையிலும் உள்ள காத்திருப்போ நாள்களையும் வாரங்களையும் விழுங்குகிறது. மருத்துவரைக் காண ஒரு நாள், ஸ்கேன் எடுக்க ஒரு நாள், திட்டம் வகுக்கச் சில நாள்கள், பின்னர்க் கதிர் பெறப் பத்து நாள்கள். இந்த நாள்களுள் அறிவியல் கேட்பவை எத்தனை, வழக்கம் கேட்பவை எத்தனை? பெரும்பகுதி வழக்கம் கேட்பதே என்பது என் துணிபு. எஞ்சிய வாழ்நாள் சில மாதங்களே உடைய ஒருவர்க்கு இரண்டு வாரக் காத்திருப்பு என்பது வாழ்வின் கணிசமான பங்கு. கதிரளவைக் கணக்கிடும்போதே அந்த நாள்களையும் கணக்கிட வேண்டும்.

எலும்பு ஓயாது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உறுப்பு. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒருபுறம், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மறுபுறம் என இரண்டும் இசைந்து இயங்குவதால்தான் எலும்பு தன் வலிமையைக் காக்கிறது. மார்பகம், ஆண்களின் முன்நிற்கும் சுரப்பியாகிய புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தோன்றும் புற்றுகள் எலும்பை எளிதில் பற்றுகின்றன. அங்குக் குடியேறிய புற்றணுக்கள் தாமே எலும்பைத் தின்பதைவிட, கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டி அவற்றைக் கொண்டே கரைக்கச் செய்வதுதான் மிகுதி. கரையும் எலும்பிலிருந்து வெளிப்படும் வளர்ச்சிப் பொருள்கள் புற்றணுக்களை மேலும் வளர்க்கின்றன. அமிலம் பெருகுகிறது, அழற்சி வேதிப்பொருள்கள் ஊறுகின்றன, கண்ணுக்குப் புலப்படாத நுண்முறிவுகள் உண்டாகின்றன, எலும்பைப் போர்த்திய மெல்லிய உறையில் செறிந்திருக்கும் நரம்பு முனைகள் ஓயாது கிளர்ந்தெழுகின்றன. படுத்தாலும் வலி, புரண்டாலும் வலி என்று நோயாளர் கூறுவதன் உடலியல் விளக்கம் இதுவே.

இங்குத்தான் கதிர் வியப்பூட்டுகிறது. கதிரளவின் அலகு கிரே. ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உள்வாங்கினால் அது ஒரு கிரே. எலும்பு வலிக்கு ஒரே தவணையாகத் தரப்படும் அளவு 8 கிரே. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினாலும் திசுவின் வெப்பநிலை ஒரு பாகையில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் உயரும். கதிர் உடலைச் சுடுவதில்லை, உயிரணுவின் டி.என்.ஏ. இழைகளைத் துண்டிப்பதே அதன் வேலை. ஆயினும் புற்றுக்கட்டி சுருங்குவது ஒன்றே வலி தணிவதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. சிலர்க்கு ஓரிரு நாளிலேயே வலி குறையத் தொடங்குகிறது. அத்துணை விரைவில் கட்டி சுருங்காது. எலும்பு கரைக்கும் உயிரணுக்களும் அழற்சியைத் தூண்டும் உயிரணுக்களும் கதிரால் அடங்குவதே விரைவுத் தணிவுக்குக் காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். பெரும்பாலோர்க்கு முழுப்பயன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும். கரைந்த எலும்பில் மீண்டும் சுண்ணம் படிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

வலியைத் தணிக்க எவ்வளவு கதிர் வேண்டும் என்ற வினாவுக்கு மருத்துவ உலகம் பெருமுயற்சி எடுத்து விடை கண்டிருக்கிறது. நெதர்லாந்தில் 1171 நோயாளரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 1999-இல் வெளியாயிற்று. ஒரு பாதியினர்க்கு 8 கிரே ஒரே தவணையில். மறுபாதியினர்க்கு 24 கிரே ஆறு தவணைகளில். வாரந்தோறும் வினாத்தாள் அனுப்பி, வலி எவ்வளவு என்று நோயாளரிடமே கேட்டறிந்தனர். இரு சாராரிடமும் வலி ஒத்த அளவிலேயே தணிந்தது. அமெரிக்காவில் மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் உடைய 898 பேரிடம் 8 கிரே ஒரு தவணையையும் 30 கிரே பத்துத் தவணைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2005-இல் அதே முடிவைத் தந்தது. 2012-இல் இத்தகைய 25 ஆய்வுகளை ஒருங்கே தொகுத்துப் பார்த்தபோது, ஒரே தவணை பெற்றவருள் 60 விழுக்காட்டினர்க்கும் பல தவணை பெற்றவருள் 61 விழுக்காட்டினர்க்கும் வலி தணிந்திருந்தது. வலி அறவே நீங்கியோர் முறையே 23, 24 விழுக்காட்டினர்.

ஒரு வேறுபாடு உண்டு. அதை மறைத்தல் கூடாது. ஒரே தவணை பெற்றவருள் 20 விழுக்காட்டினர்க்குப் பின்னொரு நாள் அதே இடத்தில் மீண்டும் கதிர் தர நேர்ந்தது. பல தவணை பெற்றவரிடம் அது 8 விழுக்காடு. இதைக் காட்டி ஒரே தவணை தாழ்ந்தது என்று கூறுவோர் உளர். அக்கூற்றைச் சேலம் சாலையில் வைத்துக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். பத்துத் தவணை என்றால், நாள்தோறும் சென்று திரும்புபவர்க்கு 1300 கிலோமீட்டர். அல்லது இரண்டு வாரம் ஊரை விட்டு, நிலத்தை விட்டு, மாட்டைப் பிறரிடம் ஒப்படைத்து, உடன் ஒருவரையும் வேலையிழக்கச் செய்து வெளியூரில் தங்க வேண்டும். ஒரே தவணை என்றால் 130 கிலோமீட்டர். ஐவருள் ஒருவர் மட்டும் பின்னர் இன்னொரு முறை அந்த 130 கிலோமீட்டரைச் செல்ல நேரலாம். ஐவருள் நால்வர்க்கு அந்தத் தேவையே எழாது. மேலும், முதல் தவணைக்குப் பின் மறுபடி கதிர் தருவது எளிதாக இருப்பதால் மருத்துவர்கள் அதைத் தயங்காமல் தந்தனர் என்பதும் அந்த 20 விழுக்காட்டுக்கு ஒரு காரணம் என்று பல ஆய்வாளர் கருதுகின்றனர்.

தவணைகளைக் குறைத்தாயிற்று. இனி அந்த ஒரு தவணைக்கு முன்னுள்ள நாள்களைப் பார்ப்போம். கதிர்த் திட்டம் என்பது என்ன, அதற்கு ஏன் அவ்வளவு நேரம் ஆகிறது என்பதை நோயாளர்க்கு விளக்கிச் சொல்வோர் அரியர்.

முதலில் நோயாளரைத் தட்டையான மேசையில் படுக்கவைத்துச் சிடி ஸ்கேன் எடுக்கின்றனர். நோயை அறிய எடுத்த ஸ்கேன் முன்பே கையில் இருந்தாலும் இது தனியாக எடுக்கப்படுகிறது. தோலில் மையாலோ பச்சைப் புள்ளியாலோ குறியிடுகின்றனர். மருத்துவர் அந்தப் படத்தின் ஒவ்வோர் அடுக்கிலும் நோயுற்ற எலும்பின் எல்லையை வரைகிறார். அருகிலுள்ள தண்டுவடம், சிறுநீரகம், குடல் ஆகியவற்றின் எல்லைகளையும் தேவைக்கேற்ப வரைகிறார். மருத்துவ இயற்பியலர் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு அகலத்தில், எத்தனை கற்றைகள் என்று வகுத்துக் கணினியில் கதிரளவைக் கணக்கிடுகிறார். மருத்துவர் பார்த்து ஒப்புகிறார். இன்னொரு இயற்பியலர் தனியே சரிபார்க்கிறார். அதன்பின் கருவியில் முன்பதிவு. இப்படிகளில் எதுவும் பல மணி நேரம் பிடிப்பதன்று. ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளிகளே நாள்களாகின்றன. வரைய வேண்டிய மருத்துவர் புறநோயாளர் பிரிவில் இருப்பார். கணக்கிட வேண்டிய இயற்பியலரின் மேசையில், குணப்படுத்தும் நோக்குடைய சிக்கலான திட்டங்கள் வரிசையில் காத்திருக்கும். வலிக்கான எளிய திட்டம் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். இது எவருடைய கருணைக் குறைவும் அன்று. வரிசை ஒன்றாக இருப்பதன் விளைவு.

சிடி படத்துக்கு ஏன் இத்துணை முதன்மை என்றால், அது உடலின் உருவத்தைக் காட்டுவதோடு அடர்த்தியையும் எண்ணாகத் தருகிறது. நீருக்குச் சுழி, காற்றுக்குக் கழித்தல் ஆயிரம், எலும்புக்குப் பல நூறு என ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணிலிருந்து மின்னணு அடர்த்தியையும், அதிலிருந்து கதிர் எவ்வளவு தேயும் என்பதையும் கணினி அறிகிறது. ஒவ்வொரு ஸ்கேன் கருவிக்கும் இந்த எண்களைத் தனியே சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். நோயறியும் ஸ்கேனின் மேசை தொட்டில்போல் குழிந்தது. கதிர் தரும் மேசை தட்டையானது. குழிந்த மேசையில் படுக்கும்போது முதுகின் வளைவு சற்று மாறுகிறது. மூளைக்கோ நாக்குக்கோ குணப்படுத்தும் கதிர் தரும்போது மில்லிமீட்டரும் பொருட்படுத்தத் தக்கது. அதற்குத் தனி ஸ்கேன் கட்டாயம். முதுகெலும்பின் மூன்று கண்ணிகளுக்கு வலி தணிக்கும் கதிர் தரும்போது விளிம்பில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இடம் விட்டே கற்றை அமைக்கப்படுகிறது. அங்கே முன்பு எடுத்த ஸ்கேனைக் கொண்டே திட்டம் வகுத்தால் என்ன?

இந்த வினாவைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து லண்டன் நகரத்தார் சோதனைக்கு உள்ளாக்கினர். 33 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு வழக்கம்போல் தனி ஸ்கேன் எடுத்தனர். மறு பிரிவினர்க்குப் பழைய ஸ்கேனிலேயே திட்டம் வகுத்து, கதிர் தரும் மேசையில் படுத்தபோது கருவியிலேயே படமெடுத்து இடத்தை உறுதிசெய்தனர். 2024-இல் வெளியான முடிவின்படி, நோயாளர் மருத்துவமனையில் செலவிட்ட நேரம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த நிலையிலிருந்து அரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கியது. சிறிய ஆய்வுதான், அதன்மேல் பெரிய கோபுரம் எழுப்பக் கூடாது. என்றாலும் அந்த அரை மணி நேரம் என் நெஞ்சை விட்டு அகல மறுக்கிறது. உலகில் முதன்முதலாகக் கோபால்ட் கதிரால் ஒரு புற்றுநோயாளர்க்கு மருத்துவம் செய்யப்பட்டதும் அதே லண்டன் நகரில்தான், 1951 அக்டோபர் 27 அன்று. கனடாவில் உருவான அவ்வகைக் கோபால்ட் கருவி அந்தப் பத்தாண்டிலேயே சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் வந்து சேர்ந்தது.

கனடாவின் இன்னொரு நகரமான டொரண்டோவில் 1996-இலேயே வலிக்கென ஒரு தனி வரிசை தொடங்கினர். நோயாளரைக் காண்பது, படமெடுப்பது, திட்டமிடுவது, கதிர் தருவது ஆகிய நான்கையும் இயன்றவரை ஒரே நாளில் முடிப்பது அதன் நோக்கம். அதற்குப் புதுக்கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. அன்றைய நாளுக்கென ஒரு மருத்துவரும் ஓர் இயற்பியலரும் கருவியில் சில இடங்களும் ஒதுக்கப்பட்டன. இன்று ஆம்ஸ்டர்டாமில் தனி ஸ்கேனே இன்றி, நோயாளர் கதிர்மேசையில் படுத்திருக்கும்போதே கருவியின் படத்தைக் கொண்டு திட்டத்தைத் திருத்தி அப்போதே கதிர் தருகின்றனர். அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் லாரன்ஸ் கோர்ட் என்பவரின் குழு, இயற்பியலர் குறைந்த நாடுகளுக்கென்றே, எல்லை வரைவதையும் கற்றை அமைப்பதையும் தானே செய்யும் கணினி முறையொன்றை உருவாக்கியுள்ளது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது வேகம் அன்று. முதுகெலும்புக் கண்ணிகளை எண்ணுவதில் மனிதர் தவறுவதுண்டு. சிலர்க்கு இடுப்புக் கண்ணிகள் ஐந்துக்குப் பதிலாக ஆறு இருக்கும். நான்காவது கண்ணிக்குத் தர வேண்டிய கதிர் மூன்றாவதற்குப் போனால், வலி அப்படியே இருக்கும். நோயாளர் கதிரால் பயனில்லை என்று எண்ணி வீடு திரும்புவார். கணினி தானே கண்ணிகளை எண்ணிப் பெயரிட்டு, மருத்துவர் எண்ணியதோடு ஒப்பிட்டு, மாறுபட்டால் எச்சரிக்கிறது. விரைவாகச் செய்யும் வேலைக்கு இத்தகைய இரண்டாவது கண் இன்றியமையாதது.

இவையெல்லாம் மின்னாற்றலால் கதிரை உண்டாக்கும் விலையுயர்ந்த நேர்கோட்டு முடுக்கிகளுக்கே ஆகும், கோபால்ட் கருவிக்கு ஆகாது என்று எண்ணிவிட வேண்டா. கோபால்ட் கருவியே இன்னும் எளிது. அதில் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இடுப்பு முதுகெலும்பு தோலிலிருந்து 5 சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ளது என்று கொள்வோம். கதிர்மூலத்துக்கும் தோலுக்கும் 80 சென்டிமீட்டர் தொலைவு. கற்றை 10-க்கு 10 சென்டிமீட்டர். இந்நிலையில் 5 சென்டிமீட்டர் ஆழத்தைச் சேர்வது உச்ச அளவில் ஏறத்தாழ 78 விழுக்காடு. 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அது 56 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். இந்த எண்கள் அட்டவணையாக ஒவ்வொரு கதிர்மருத்துவத் துறையிலும் உள்ளன. எலும்புக்கு 8 கிரே சேர வேண்டுமானால், தோலுக்குச் சற்று உள்ளே உச்ச அளவு 10.3 கிரேயை நெருங்கும். கருவி மணித்துளிக்கு 2 கிரே தருவதாயின், கதிர் பாயும் நேரம் ஐந்து மணித்துளிக்குச் சற்று மிகும். கோபால்ட்-60-இன் அரைவாழ்நாள் 5.27 ஆண்டு, மாதந்தோறும் அதன் வலிமை ஏறத்தாழ 1.1 விழுக்காடு குறைகிறது. ஐந்தே கால் ஆண்டு கழிந்த மூலமாயின் அதே அளவுக்குப் பத்து மணித்துளிக்கு மேல் ஆகும். வலியோடு கடினமான மேசையில் அசையாது படுத்திருப்பவர்க்கு ஐந்தும் பத்தும் ஒன்றல்ல. கதிருக்கு அரை மணி முன்னதாக வலிமருந்து கொடுத்துப் படுக்கவைப்பது அதனால்தான் தேவையாகிறது. இந்தக் கணக்கு முழுவதையும் தேர்ந்த இயற்பியலர் ஒருவர் கையாலேயே போட்டு, இன்னொருவர் சரிபார்க்க, அரை மணி நேரம் போதும். பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் என்னும் நம் நாட்டுக் கோபால்ட் கருவிக்கும் இதே கணக்குத்தான்.

எல்லா வலிக்கும் ஒரே நாள், ஒரே தவணை என்று நான் வாதிடவில்லை. தொடையெலும்பு முறியும் நிலையில் இருந்தால் முதலில் எலும்பு அறுவை மருத்துவரே பார்க்க வேண்டும். கதிர் எலும்பை உடனே வலுப்படுத்தாது. உடலில் ஓரிரு இடங்களில் மட்டுமே பரவி, இன்னும் சில ஆண்டு வாழும் வாய்ப்புடையவர்க்கு மிகத் துல்லியமான உயர் அளவுக் கதிர் கூடுதல் பயன் தரலாம். முதுகெலும்புக்கு 24 கிரேயை இரண்டே தவணைகளில் துல்லியமாகத் தந்த ஆய்வொன்று 2021-இல் வெளியாயிற்று. மூன்று மாதத்தில் வலி அறவே நீங்கியோர் 35 விழுக்காட்டினர்; வழக்கமான 20 கிரே ஐந்து தவணை பெற்றவருள் 14 விழுக்காட்டினர். இது புறக்கணிக்கத்தக்க வேறுபாடன்று. ஆனால் அத்தகைய திட்டத்துக்குக் காந்த அதிர்வுப் படமும் நுண்ணிய கணக்கும் உயர்தரக் கருவியும் நாள்களும் வேண்டும். வாய்ப்புடையோர்க்கு அது தரப்படட்டும். மற்றவர் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வாய், தொண்டைப் புற்று முற்றியோர்க்கும் குறுகிய மருத்துவம் பயன்படும் என்பதைப் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 505 நோயாளரிடம் 20 கிரேயை ஐந்தே தவணைகளில் தந்து 2004-இல் பதிவு செய்தனர்.

ஒரு நிலையில் மட்டும் நாள்களை அன்று, மணிகளையே எண்ண வேண்டும். பரவிய புற்று முதுகெலும்பிலிருந்து உள்ளே தள்ளித் தண்டுவடத்தை நசுக்கத் தொடங்கினால், கால்கள் தளரும், மரத்துப்போகும், சிறுநீர் அடைபடும். இன்னும் நடக்க முடிகிற நிலையில் கதிர் பெற்றவருள் பெரும்பாலோர் தொடர்ந்து நடக்கின்றனர். கால்கள் முற்றும் செயலிழந்த பின் கதிர் பெற்றவருள் மீண்டும் எழுந்து நடப்பவர் மிகச் சிலரே. இந்நிலையிலும் ஒரே தவணை போதுமா என்று 686 பேரிடம் சோதித்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. எட்டு வாரம் கழித்து நடக்க இயன்றவர் ஒரே தவணையில் 69 விழுக்காட்டினர், ஐந்து தவணையில் 73 விழுக்காட்டினர். ஒரே தவணை தாழ்ந்ததன்று என்று சொல்வதற்கு முன்கூட்டி வகுத்த புள்ளியியல் அளவுகோலை அம்முடிவு சிறிதளவில் எட்டவில்லை என்பதால், இன்னும் நெடுநாள் வாழக்கூடியவர்க்கு ஐந்து தவணையையும், வாழ்நாள் குறுகியவர்க்கு ஒன்றையும் மருத்துவர் தேர்கின்றனர். எதைத் தேர்ந்தாலும் அன்றே தொடங்க வேண்டும்.

தருமபுரிக்கென்றே ஒரு கூடுதல் இடர் உண்டு. இம்மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதி. அதனால் தலைமுறை தலைமுறையாகப் பல்லும் எலும்பும் கெட்டன. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் சப்பானியக் கடனுதவியோடு நிறைவேறி 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன் பல பத்தாண்டுகள் அந்நீரைக் குடித்து வளர்ந்தவர்களே இன்று முதுமையில் உள்ளனர். அவர்களுள் ஒருவர்க்கு முதுகு வலித்தால், தண்ணீரால் வந்த பழைய வலி என்று வீட்டாரும் அவரும் எண்ணிவிடுவது இயல்பு. மருத்துவரையும் அது மயக்கக்கூடும். ஃப்ளோரைடு மிகுந்த எலும்பு ஊடுகதிர்ப் படத்தில் வழக்கத்தைவிட அடர்ந்து வெளுத்துத் தெரியும். புராஸ்டேட் புற்று பரவிய எலும்பும் அவ்வாறே வெளுத்துத் தெரியும். இவ்விரண்டையும் பிரித்தறிய இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்னும் புராஸ்டேட் புரதத்தின் அளவு, எலும்பு ஸ்கேன், சிடி ஆகியவை உதவும். இரவில் மிகும் வலி, ஓய்வெடுத்தும் தணியாத வலி, ஓரிடத்தில் தட்டினால் துடிக்கும் வலி, புதிதாகத் தோன்றிய கால் தளர்ச்சி ஆகியவை அறுபது கடந்த ஒருவரிடம் காணப்பட்டால், தண்ணீரின்மேல் பழி போடுமுன் புற்றை நினைக்க வேண்டும். கதிர்த் திட்டத்தை ஒரு நாளாகச் சுருக்கினாலும், நோயை அறிய ஆறு மாதம் ஆனால் பயனென்ன?

கதிர் வரும்வரை வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வாய்வழித் தரும் மார்பின் மலிவானது, ஆற்றல் மிக்கது, முறையாகத் தந்தால் பாதுகாப்பானது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதைப் பல்லாண்டுகள் நோயாளர் கைக்கு எட்டாமல் வைத்திருந்தது. 2014-இல் செய்த திருத்தம் வழியை எளிதாக்கியது. அண்டை மாவட்டமான கிருட்டிணகிரியின் சாமனப்பள்ளியில் 2021 ஆகத்து 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம், படுத்த படுக்கையானோர்க்கு வீட்டிலேயே வலி தணிக்கும் பேணுதலையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. வீடு தேடி வரும் செவிலியர்க்குத் தண்டுவட நசிவின் அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்தால், மலையூரில் கால் தளர்ந்த ஒருவரை அன்றே சேலத்துக்கு அனுப்ப இயலும்.

இந்த ஒருநாள் முறையைத் தருமபுரியோடு இணைப்பதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 2008-இல் தொடங்கிய தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நோயறியும் முனையாகவும், சேலத்தைக் கதிர் தரும் முனையாகவும் கொள்வோம். எலும்புப் பரவல் ஐயத்தோடு சிடி எடுக்கும்போதே மேசையின் குழிவின்மேல் ஒரு தட்டைப் பலகையை வைத்து, கைகளை மார்பின்மேலோ பக்கத்திலோ சேலத்தார் கூறும் நிலையில் வைத்து, 3 மில்லிமீட்டருக்கு மிகாத அடுக்குகளில், நோயுற்ற பகுதிக்கு மேலும் கீழும் இரண்டு கண்ணிகள் சேர்த்து எடுக்க வேண்டும். அந்த ஸ்கேன் கருவியின் அடர்த்தி எண்களைச் சேலத்து இயற்பியலர் ஒருமுறை வந்து அளந்து வைத்துக்கொண்டால், அந்தப் படமே திட்டத்துக்கும் ஆகும். ஆக வேண்டியது படத்தாளோ அறிக்கையோ அன்று, கணினிக் கோப்பு. பலர் அறிக்கைத் தாளை மட்டும் பெற்றுக்கொண்டு வந்துவிடுகின்றனர். வீட்டார் கேட்டு வாங்க வேண்டியவை குறுந்தட்டிலோ இணைய வழியிலோ முழுப்படக் கோப்பு, திசு ஆய்வு முடிவு, முன்பு எங்கேனும் கதிர் பெற்றிருந்தால் அதன் விவரத் தாள் ஆகியவை. இந்த மூன்றாவது இல்லாமையால் எத்தனையோ திட்டங்கள் நின்றுபோகின்றன. ஏற்கெனவே கதிர் பட்ட தண்டுவடத்துக்கு எவ்வளவு சேர்ந்தது என்று தெரியாமல் எந்த மருத்துவரும் துணிய மாட்டார்.

படமும் தாள்களும் முந்திய நாளே சென்று சேர்ந்தால், காணொளியில் ஒரு பேச்சு. அன்று மாலையே திட்டம். மறுநாள் நோயாளர் வந்ததும் உடல் சோதனை, ஒப்புதல், வலிமருந்து, கதிர். கருவியில் படமெடுக்கும் வசதி இல்லாத கோபால்ட் அறையாயின், அன்று காலை ஒரு படமெடுத்துத் தோலில் குறியிட்டுச் செல்ல இன்னும் ஒரு மணி நேரம் கூடும். வாரத்தில் இரண்டு நாள்களேனும் காலையில் சில இடங்களை வெளி மாவட்டத்து வலிநோயாளர்க்கென்றே ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த இடங்கள் சில நாள் காலியாகப் போனாலும் போகட்டும்.

திரும்பும்போது கையில் கொடுத்தனுப்ப வேண்டியவையும் உண்டு. மூவருள் ஒருவர்க்குக் கதிருக்குப் பின் முதல் சில நாள்களில் வலி ஒருமுறை ஏறி இறங்கும். இதை முன்பே சொல்லாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் அஞ்சுவர். டெக்சாமெத்தசோன் என்னும் மருந்தைக் கதிரன்று தொடங்கி ஐந்து நாள் தந்தால் இந்த ஏற்றம் குறைகிறது என்று கனடாவில் 298 பேரிடம் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. 35 விழுக்காடாக இருந்தது 26 ஆயிற்று. சருக்கரை நோயுடையவர்க்கு அதை ஆராய்ந்தே தர வேண்டும். அடிவயிற்றையோ மேல்வயிற்றையோ கற்றை கடந்திருந்தால் வாந்தி தடுக்கும் மாத்திரையும் வேண்டும். மார்பினை அன்றே நிறுத்திவிடக் கூடாது. வலி தணியத் தணிய மெல்லக் குறைக்க வேண்டும். நான்கு வாரம் கழித்து ஊர்ச் செவிலியர் ஒருவர் வலியைச் சுழி முதல் பத்து வரையான எண்ணில் கேட்டுச் சேலத்துக்குத் தொலைபேசியில் சொன்னால், குறைந்ததா, மறுதவணை வேண்டுமா என்று அங்கிருந்தே முடிவு செய்யலாம். மறுதவணையை நான்கு வாரத்துக்கு முன் தருவதில்லை. அதற்கான திட்டம் முன்பே கணினியில் இருப்பதால், இரண்டாம் முறை வருபவர்க்குப் புதிய ஸ்கேனும் பெரும்பாலும் தேவைப்படாது.